நான்கு விநாடி

மூன்று வரி.
வரிக்குப் பதினாறு எழுத்து.
அதற்குள் மழையைச் சொல்லிவிட வேண்டும்.

பெர்லஹான்.
ஹூஜான் லெபாட்.
மெதுவாகப் போ, கனமழை. அவ்வளவுதான் என் இலக்கியம்.

பயிற்சிக்கு வந்த டாக்டர் ஓங் சொன்னார்:
தொண்ணூறில் வருகிறவன் கண்
பலகையில் நிற்பது நான்கு விநாடி.
ஐந்தாவதில் அவன்
வண்டிக் கடனுக்குத் திரும்பிவிடுவான்.
இரண்டு செய்திக்கு மேல் எழுதாதீர்கள்.
மூன்றாவதை எழுதினால்
முதலாவதும் போய்விடும்.
வெண்பாவுக்குத் தளை. எனக்கு இது.

தமிழில் ஒருமுறை அடித்துப் பார்த்தேன்,
சோதனைப் பலகையில், விடிகாலை மூன்றுக்கு.
'மெதுவாக' என்பதன் கொம்பு தனியே நின்றது.
கால் எங்கோ நடந்து போனது.
ஆயிரம் புள்ளி இருந்தும்
ஒரு மெய் தேறவில்லை.
ஹஸ்லீனா எட்டிப் பார்த்து
பலகை பழுதா என்றாள்.
ஆமாம் என்று அழித்தேன்.

சுவர் முழுக்கத் திரை.
நாற்பத்தொன்றாம் கேமரா சுங்கை பீசிப் பக்கம்,
ஒரு மேம்பாலத்துக்கு அடியில்.
மழை பிடித்தால் மோட்டார்கள் அங்கே ஒதுங்கும்.
மென்பொருள் அவர்களை ஆட்கள் என்று சொல்லாது.
'நின்ற பொருள்' என்று சொல்லும்.
சிவப்புக் கட்டம் போட்டு, டிங் என்று கூப்பிட்டு,
இருபது விநாடி தரும்:
உண்மையா, பொய்யா?

நேற்றிரவு இருநூற்றுப் பன்னிரண்டு டிங்.
ஒரு குப்பைப் பை.
ஒரு கொக்கு.
தேங்கிய தண்ணீரில் விழுந்த லாரி விளக்கு.
மறுபடி அதே கொக்கு.
புலி வருது புலி வருது என்று
விடிய விடியக் கத்தினால்
யார் எழுந்து பார்ப்பது?
விரல் தன்போக்கில் தட்டும், பொய், பொய், பொய்.

மார்ச்சில் ஒரு பொய் உண்மையாக இருந்தது.
டயர் மாற்றிக்கொண்டிருந்த ஆள்.
அறிக்கையில் காரணம் என்ற இடத்தில்
இரண்டே சொல்: மனிதத் தவறு.
பதினாறு எழுத்துக்குள் அடங்கிவிட்டது.
கணேந்திரன் இப்போது கிளாங்கில்
கிடங்கொன்றில் பெட்டி எண்ணுகிறான்.
டிங் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறது.

ஏழு மணி. ஷிப்டு முடிந்தது.
ஜாக்கெட்டின் முதுகை முன்பக்கம் போட்டுக்கொண்டு
என் மோட்டாரை எடுத்தேன்.
எட்டுக்குள் நான் போனால்தான்
அவர் வேலைக்குக் கிளம்ப முடியும்,
வீட்டில் கைக்குழந்தை.
என் பலகைக்குக் கீழேயே போனேன்.
மஞ்சள் மஞ்சளாய் நான் அடித்த எழுத்து.
படித்தேன். எண்ணியும் பார்த்தேன், நான்கு.
முள் எண்பத்தைந்தில் இருந்தது.
இறங்கவில்லை.

பிறகு மழை முகத்தில் ஊசி போட ஆரம்பித்தது.

பாலத்துக்கு அடியில் ஏற்கெனவே பதினேழு பேர்.
நேபாளத்துக் காவலாளி ஒருவர்,
பள்ளிச் சீருடையில் இருவர்,
சாப்பாட்டுப் பெட்டிக்காரன் ஒருத்தன்
யாருடைய நாசி லெமாக்கையோ
சூடு ஆறாமல் வயிற்றோடு அணைத்தபடி.
கொஞ்சம் உள்ளே வாங்கக்கா, லாரி உரசும்
என்று நகர்ந்து இடம் விட்டான்.
இங்கே நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.
கூடாது என்று எழுதுபவளே நான்தான்.
நின்றேன்.

தூணின் மேல் நாற்பத்தொன்று.
கண்ணாடியில் நீர் வழிகிறது, துடைக்க ஆளில்லை.
இந்நேரம் அங்கே டிங் என்றிருக்கும்.
பதினெட்டாவது பொருளைச் சுற்றி
கட்டம் விழுந்திருக்கும்.
காலை ஷிப்டுக்காரி புதுசு,
தே தாரிக்கைக் கீழே வைத்தாளோ இல்லையோ.
கை காட்டலாமா என்று தோன்றியது.
காட்டினால் கொக்கு என்று நினைப்பாள்.

இருபதுவரை எண்ணினேன்.

அடுத்து வந்த லாரி
வேகம் குறைத்த மாதிரி இருந்தது.
மழைக்காகவும் இருக்கலாம்.